கொடிக்கு எதிரான விதிகள்: அமெரிக்க இல்லங்களில் துணி உலர்த்தலின் வரலாறு (1880–2015)

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுப் பணிகளின் வரலாற்றை எழுதியோர் துவைத்தலுக்குத் தந்த இடத்தை உலர்த்தலுக்குத் தரவில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் துணி உலர்த்தும் இடத்தைக் கட்டுப்படுத்திய நகராட்சி ஆணைகள், குடியிருப்பு நிபந்தனைகள், அவற்றைத் தளர்த்திய மாநிலச் சட்டங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. உலர்த்தும் இயந்திரம் பரவியதற்கு வசதி மட்டுமே காரணமன்று. திறந்த வெளியில் தொங்கும் துணி வறுமையின் அடையாளமாகவும் வேற்றினத்தாரின் அடையாளமாகவும் கருதப்பட்டதும் அதற்கு வழிவகுத்தது என்பதே இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: துணிக்கொடி, சலவைத் தொழில், உலர்த்தும் இயந்திரம், புறநகர்க் குடியிருப்பு, ஒப்பந்த நிபந்தனை, உலர்த்தும் உரிமை.

முன்னுரை

தமிழில் ‘கொடி’ என்னும் சொல் படரும் செடியையும் பறக்கும் பதாகையையும் துணி உலர்த்தக் கட்டும் கயிற்றையும் குறிக்கும். மூன்றாம் பொருளில் அது மிக எளிய சொல். கொல்லையில் இரு மரங்களுக்கிடையே கயிறு கட்டுவதற்கு ஒருவர் பிறரிடம் அனுமதி பெற வேண்டும் என்ற எண்ணமே நமக்கு அயலானது. அமெரிக்காவிலோ கடந்த நூற்றாண்டின் இறுதிக்குள் பல இலட்சம் வீடுகளில் கொடி கட்டுதல் ஒப்பந்த மீறலாகிவிட்டது. அந்நிலை எவ்வாறு உருவானது என்பது தொழில்நுட்ப வரலாற்றை மட்டும் கொண்டு விளக்கத்தக்க வினா அன்று.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்னும் நூல், வீட்டு இயந்திரங்கள் பெண்களின் வேலைநேரத்தைக் குறைக்கவில்லை என்பதை நிறுவியது. ஒருகாலத்தில் சலவையகங்களும் கூலிப்பெண்களும் செய்த வேலையை இயந்திரம் மீண்டும் இல்லத்தரசியிடமே கொண்டுவந்து சேர்த்தது. தூய்மை பற்றிய எதிர்பார்ப்பும் உயர்ந்தது. இம்முடிவு உலர்த்தலுக்கும் பொருந்தும். ஆயினும் உலர்த்தலுக்கு வேறொரு பண்பு உண்டு. துவைத்தல் சுவருக்குள் நிகழலாம்; கொடியில் உலர்த்தல் பிறர் கண்ணெதிரே நிகழ்கிறது. சட்டம் அதன்மீது கைவைத்ததற்கு இப்பண்பே காரணம்.

கூரைமேற் சாரங்கள்: சான் பிரான்சிஸ்கோ, 1880

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் பயில்வோர் அனைவரும் அறிந்த வழக்கு ‘யிக் வோ எதிர் ஹாப்கின்ஸ்’. சான் பிரான்சிஸ்கோ நகர மேற்பார்வையாளர் குழு 1880இல் பிறப்பித்த ஆணைப்படி, செங்கல் அல்லது கல்லால் ஆன கட்டடத்தில் அன்றிப் பிற கட்டடங்களில் சலவையகம் நடத்த அக்குழுவின் அனுமதி தேவை. நகரில் அப்போது இருந்த ஏறத்தாழ 320 சலவையகங்களில் 310 மரக்கட்டடங்களில் இயங்கின; ஏறத்தாழ 240 சீனர்களுக்குரியவை. அனுமதி கோரிய சீனர்கள் ஏறத்தாழ 200 பேரும் மறுக்கப்பட்டனர். சீனரல்லாதாரில் ஒருவர் நீங்கலாக அனைவரும் அனுமதி பெற்றனர். 22 ஆண்டுகள் ஒரே இடத்தில் தொழில் நடத்தியவர், தீத்தடுப்பு அலுவலரின் சான்றும் சுகாதார அலுவலரின் சான்றும் பெற்றிருந்தவர், சிறையில் அடைக்கப்பட்டார். 1886ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்டான்லி மேத்யூஸ் எழுதிய அத்தீர்ப்பு, சொல்லளவில் நடுநிலையான சட்டமும் ஓரவஞ்சனையாகச் செயற்படுத்தப்பட்டால் சமப் பாதுகாப்பை மீறுவதாகும் எனக் கூறியது.

இவ்வழக்கை விவாதிப்போர் பெரும்பாலும் மரக்கட்டடப் பிரிவையே எடுத்துக்கொள்கின்றனர். அதே ஆணையின் மற்றொரு பிரிவு, கட்டடக் கூரையின்மீது எவ்வகைச் சாரமும் குழுவின் எழுத்துவழி அனுமதியின்றி அமைத்தல் கூடாது என்றது. அனுமதியில் சாரத்தின் பயன் முழுமையாகக் குறிக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. இடநெருக்கடி மிக்க நகரில் சலவைக்காரர் துணி உலர்த்தியது அத்தகைய கூரைச் சாரங்களில்தான். அப்பிரிவில் ‘துணி’ என்ற சொல் இல்லை, ‘சீனர்’ என்ற சொல்லும் இல்லை. இச்சொல்லாட்சி உத்தி பின்னர்ப் பல ஆவணங்களில் மீண்டும் வருவதால், இப்பிரிவு இதுவரை பெற்றதைவிட மிகுந்த கவனத்தைப் பெறத்தக்கது.

பிறர் துணி, தம் முற்றம்: அட்லாண்டா, 1881

தெற்கு மாநிலங்களில் இவ்வேலை கறுப்பினப் பெண்களுடையதாக இருந்தது. அவர்கள் வெள்ளையர் வீட்டு அழுக்குத் துணியைத் தம் வீட்டுக்கு எடுத்துச்சென்று, தம் முற்றத்தில் வெளுத்து, தம் கொடியில் உலர்த்தி, தேய்த்து, வார இறுதியில் திருப்பித் தந்தனர். எசமானியின் கண்காணிப்பு எட்டாத இடத்தில், தம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே செய்யத்தக்க கூலிவேலை என்பதால் இதனை அவர்கள் விரும்பினர். 1881 ஜூலையில் அட்லாண்டாவில் ஏறத்தாழ 20 பெண்கள் கூடிச் சலவைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மூன்றே வாரத்தில் 3,000 பேர் சேர்ந்தனர். 12 பவுண்டு துணிக்கு ஒரு டாலர் என்னும் ஒரேசீர்க் கூலியே அவர்களது கோரிக்கை. கைதுகளும் தண்டங்களும் தொடர்ந்தன. சங்க உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் விதிக்கும் திட்டம் நகரவையில் முன்வைக்கப்பட்டது. தம் தொழிலைத் தாமே நெறிப்படுத்த இயலுமாயின் அத்தொகையையும் செலுத்துவோம் எனப் பெண்கள் நகரத் தலைவருக்கு எழுதினர். இப்போராட்டத்தை டெரா ஹன்டரின் 1997ஆம் ஆண்டு ஆய்வு விரிவாகப் பதிவு செய்துள்ளது.

இவ்விரு நகரங்களிலும் கொடி என்பது கூலியின் களம். கொடியைக் கண்டவர் கண்டது துணியை மட்டுமன்று. அதனை வெளுப்பவர் யார் என்பதையும்தான்.

கவ்வியும் உருளையும்

கருவிகளின் வரலாற்றைச் சுருக்கமாகவே காணலாம். வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் 1853இல் வில்சுருள் கொண்ட துணிக் கவ்விக்குக் காப்புரிமை பெற்றார். அதே மாநிலத்தின் சோலோன் மூர் 1887இல் அதனை ஒற்றைக் கம்பிச் சுருளாகத் திருத்தினார். இன்று நாம் ‘கிளிப்’ என்று வழங்குவது அதன் வழிவந்ததே. 1892இல் ஒஹையோவின் டேட்டன் நகரைச் சேர்ந்த கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் ஜார்ஜ் சாம்ப்சன் பெற்ற காப்புரிமை, அடுப்பின் வெப்பத்தில் துணி உலர்த்தும் சட்டகத்துக்கு உரியது. அதனைச் சுழலும் இயந்திரத்தின் முன்னோடியாகச் சில நூல்கள் காட்டுவது மிகை. அதில் சுழற்சி இல்லை.

சுழலும் உருளையை வீட்டுப் பொருளாக்கியவர் வடக்கு டக்கோட்டாவின் ஜே. ராஸ் மூர். குளிர்காலத்தில் வெளியே தொங்கும் துணி பலகைபோல் உறைந்துவிடும் நாடு அது. அங்கு இயந்திரத்தின் தேவை கற்பனையானதன்று. பல்லாண்டு முயற்சிக்குப் பின் அவரது வடிவமைப்பை விஸ்கான்சின் மாநிலத்து டூ ரிவர்ஸ் நகரின் ஹாமில்டன் நிறுவனம் ஏற்று, 1938இல் ‘ஜூன் டே’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1880இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் அச்சகங்களுக்கு மரஎழுத்து செய்து பெயர் பெற்றது என்பது பதிப்பு வரலாற்றாய்வாளர்க்குச் சுவையான செய்தி. வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் கதவில் கண்ணாடிச் சாளரம் வைக்கச் சொன்னார். கடைகளில் வண்ண உள்ளாடைகளைச் சுழலவிட்டுக் காட்டினால் விற்பனை பெருகும் என்பது அவர் கணிப்பு. கொடியில் கண்டால் முகம் சுளிக்கத்தக்க உள்ளாடை கண்ணாடிக்குப் பின்னே காட்சிப் பொருளாயிற்று! ‘ஜூன் டே’ என்ற பெயரும் இளவெயில் நாளை நினைவூட்டுவது. வெயிலை விலக்கும் கருவி வெயிலின் பெயராலேயே விற்கப்பட்டது.

லெவிட்டவுன் நிபந்தனைகள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் லெவிட் நிறுவனம் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1947 முதல் 17,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. துவைக்கும் இயந்திரம் வீட்டுடன் சேர்த்தே தரப்பட்டது. உலர்த்துவதற்கோ நிபந்தனை தரப்பட்டது: நீளக் கொடி கூடாது, மடக்கக்கூடிய சுழற்கொடி மட்டுமே வைக்கலாம், வார இறுதியில் துணி வெளியே தொங்கக் கூடாது. வேலி எழுப்புதலுக்கும் தடை இருந்தது. தொடக்கக் குத்தகைப் பத்திரங்களில் இவற்றுடன் மற்றொரு விதியும் இடம்பெற்றது: வெள்ளையரல்லாதார், வீட்டுப் பணியாளராக அன்றி, அவ்வீட்டில் குடியிருத்தல் கூடாது.

1948இல் ‘ஷெல்லி எதிர் கிரேமர்’ தீர்ப்பு, இனவிலக்கு ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் செயற்படுத்துதல் அரசமைப்புக்கு முரண் என்றது. இனவிதி சட்ட வலிமையை இழந்தது, கொடிவிதி இழக்கவில்லை. இரண்டும் ஒரே தன்மையின அல்ல. ஒன்று மனிதரை விலக்கியது, மற்றொன்று ஒரு பழக்கத்தை விலக்கியது. ஆயினும் புறநகர் எவ்வாறு தோன்ற வேண்டும், எதனைப்போல் தோன்றக் கூடாது என்ற ஒரே கற்பனையிலிருந்தே இரண்டும் பிறந்தன. அடுக்ககக் குடியிருப்புகளின் பின்புறத்தில் கப்பி வைத்துச் சாளரத்துக்குச் சாளரம் கட்டிய கொடிகளைக் கண்டு வளர்ந்த தலைமுறை, அக்காட்சியை நகரத்திலேயே விட்டுவர விரும்பியது. 1956இல் மின் நிறுவனங்கள் தொடங்கிய ‘லிவ் பெட்டர் எலக்ட்ரிக்கலி’ விளம்பர இயக்கம் அவ்விருப்பத்தை இயந்திர விற்பனையாக மாற்றியது.

1960களுக்குப் பின் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் பெருகின. 1970இல் ஏறத்தாழ 10,000 ஆக இருந்தவை 2010ஐ ஒட்டி 3 இலட்சத்தைக் கடந்தன; அவற்றின் ஆளுகையில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 6 கோடிப் பேர். பலவற்றின் விதிகளில் துணிக்கொடிக்கு இடமில்லை. கொடியால் வீட்டு மதிப்புக் குறையும் என்பதே அவை கூறிய காரணம். வாங்குவோர் கொடியை வறுமையோடு இணைத்துக் காண்பதால்தான் மதிப்புக் குறைய முடியும். ஆகவே இவ்வாதம் தான் நிறுவ வேண்டியதை முன்னரே கொண்டுவிடுகிறது.

உலர்த்தும் உரிமை

ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.65 கிலோவாட் மணி ஆற்றல் தேவை. கொடியில் இதனைக் காற்றும் வெயிலும் தருகின்றன. இயந்திரத்தில் மின்சாரமோ எரிவாயுவோ தர வேண்டும். பத்தில் எட்டு வீடுகளில் இயந்திரம் இருக்கும் நாட்டில் இது சிறு செலவன்று. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இயற்றப்பட்ட 1980ஆம் ஆண்டின் புளோரிடா சட்டம், சூரிய வெப்பத் தகடுகளுடன் துணிக்கொடியையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றற் கருவியாகக் கொண்டு, அதற்கான தடைகளைச் செல்லாதவையாக்கியது. இழிந்த காட்சி எனப்பட்டது ஆற்றற் கருவி எனப் பெயர் மாறியது இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பம்.

1995இல் வெர்மான்டின் மிடில்பரி கல்லூரியில் ஹெலன் கால்டிகாட் ஆற்றிய அணுசக்தி எதிர்ப்புரையைக் கேட்ட மாணவர் அலெக்சாண்டர் லீ ‘பிராஜெக்ட் லாண்ட்ரி லிஸ்ட்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். 2008இல் கொலராடோவும் கனடாவின் ஒன்டாரியோவும், 2009இல் மெய்னும் வெர்மான்டும், 2010இல் ஹவாயும் மேரிலாந்தும், 2015இல் கலிபோர்னியாவும் கொடித் தடைகளைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றின.

இங்குச் சிங்கப்பூரை ஒப்பிடுதல் தகும். 1960இல் நிறுவப்பட்ட அந்நாட்டின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளின் சமையலறைச் சாளரத்துக்கு வெளியே மூங்கிற் கழிகளைச் செருகும் குழல்களைக் கட்டடத்தோடு சேர்த்தே அமைத்தது. தமிழர், சீனர், மலாய்க்காரர் ஆகிய அனைவர் துணியும் பத்தாம் மாடியிலிருந்து ஒன்றுபோல் வெளியே நீண்டது. அங்கு உலர்த்தல் கட்டடப் பொறியாளர் தீர்க்க வேண்டிய சிக்கல். அமெரிக்காவில் அது அண்டை வீட்டார் தீர்ப்பளிக்கும் ஒழுக்கம்.

அமெரிக்கச் சட்டங்கள் தந்த உரிமைக்கும் எல்லை உண்டு. கலிபோர்னியச் சட்டம் கொல்லைப்புறத்தில், குடியிருப்போரின் தனிப் பயன்பாட்டிலுள்ள இடத்தில் கட்டும் கொடிக்கே பாதுகாப்பளிக்கிறது; மாடி முகப்பு, கைப்பிடிச் சுவர், மறைப்பு ஆகியவை கொடியாகக் கொள்ளப்படா என வெளிப்படையாகவே கூறுகிறது. கொல்லை இல்லாத மாடிவீட்டார்க்கு அச்சட்டம் எதனையும் மாற்றவில்லை.