இசைத்தட்டில் ஏறாத குரல்

காஞ்சிபுரத்தின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர்க்குத் தொடக்கத்திலேயே ஓர் இடர் எதிர்ப்படுகிறது. அவ்வூரின் தலைசிறந்த பாடகர் என்று மதிக்கப்பெறும் நாயனாப் பிள்ளையின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்த அவர், இசைத்தட்டு வணிகம் தென்னாட்டில் ஓங்கி வளர்ந்த காலத்தில் வாழ்ந்தவர். அவர் காலத்துப் பாடகர் பலர் தட்டுகளில் பாடினர். அவர்களுள் அவரினும் சிறியோரும் உண்டு. அவரோ பாடவில்லை. ஆகவே அவர் புகழுக்குச் சான்றாக நம்மிடம் எஞ்சுவன கேட்டோர் சொல்லிச் சென்ற செய்திகளும், அவரிடம் பயின்றோர் பாடிய பாட்டுமே ஆகும்.

இத்தகைய இழப்பு நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், ‘ப்ளூஸ்’ எனும் கறுப்பின மக்களின் துயர இசையைக் கார்னெட் என்னும் ஊதுகருவியில் வாசித்து, ஜாஸ் இசைக்கு வழி திறந்தவர் என்று போற்றப்படுபவர் பட்டி போல்டன். 1907-இல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்ட அவர், 1931-இல் அங்கேயே மறைந்தார். அவர் வாசித்த இசையில் ஒரு நிமிடமேனும் இன்று கேட்கக் கிடைப்பதில்லை. ஆயினும் அவருக்குப் பின் வந்தோர் அவர் பெயரைச் சொல்லாமல் தம் கதையைத் தொடங்குவதில்லை. நாயனாப் பிள்ளையின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

நாயனாப் பிள்ளையின் இயற்பெயர் சுப்பிரமணியம். அவருடைய தாயார் காமாட்சி அம்மாளும், தாயுடன் பிறந்த தனகோடி அம்மாளும் கோயிற்பணியோடு தொடர்புடைய இசைவேளாளர் மரபில் வந்தவர்கள்; தனகோடி அம்மாள் பாடகியாகப் பெரும்பெயர் பெற்றவர். பிள்ளையவர்கள் இளமையில் மற்போரில் நாட்டம் கொண்டு திரிந்தார் என்றும், சற்றுக் காலந்தாழ்த்தே இசையின் பக்கம் திரும்பினார் என்றும் கூறுவர். திரும்பிய பின்னர் அவருக்கு ஆசான் தேடி வெளியூர் செல்ல வேண்டிய தேவை எழவில்லை. வீட்டிலேயே தனகோடி அம்மாள் இருந்தார். பிள்ளையின் இசைக்கு ஊற்று ஒரு பெண்ணின் குரல் என்பதை நாம் இவ்விடத்தில் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் செய்திகளுக்கு அது இன்றியமையாதது.

காஞ்சிக்கு அதற்கு முன்பே இசைப் பெருமை உண்டு. உபநிடத பிரம்மம் என்று அழைக்கப்பெற்ற துறவியார் தங்கிய மடம் அவ்வூரில் உள்ளது. முத்துசுவாமி தீட்சிதர் சில காலம் அங்குத் தங்கினார். தியாகராசரும் அத்துறவியாரின் அழைப்பை ஏற்று அங்கு வந்தார் என்பர். அந்த நினைவின் தொடர்ச்சியாகவோ என்னவோ, நாயனாப் பிள்ளை தம் ஊரில் ஆண்டுதோறும் தியாகராசர் திருவிழா நடத்தி வந்தார். நெசவாளரும் வணிகரும் வழக்கறிஞரும் ஒருங்கே அமர்ந்து கேட்ட விழா அது.

அவருடைய கச்சேரிக்கு ‘புல் பெஞ்ச்’ கச்சேரி என்று பெயர். நீதிபதிகள் பலர் ஒன்றாக அமர்ந்து வழக்குக் கேட்பதைக் குறிக்கும் இச்சொல்லை உயர்நீதிமன்றத்திலிருந்து மேடைக்குக் கொண்டுவந்த அன்பர் யாராயினும், அவர் நகைச்சுவை மிக்கவராக இருந்திருக்க வேண்டும். பாடகருக்குப் பக்கத்துணையாக வயலினும் மிருதங்கமும் போதும் என்பது பொது வழக்கு. பிள்ளையின் மேடையிலோ அவற்றோடு கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என வரிசை நீளும். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் வயலின், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கஞ்சிரா, மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளையின் கொன்னக்கோல் என்று அக்காலத்து வல்லுநர் பலர் அவரைச் சூழ்ந்து அமர்ந்தனர். அத்தனை தாளக் கருவிகளுக்கும் நடுவே அசையாமல் நின்று பாடுவதே அவருடைய ஆற்றல். வயலின் கலைஞரும் மிருதங்கக் கலைஞரும் அவருடன் மேடையேறச் சற்றே அஞ்சினர் என்றும் சொல்வதுண்டு.

அந்த அச்சத்தின் காரணத்தை அறிய, பல்லவி என்பது யாதென்று சுருங்கக் காண்பது நலம். இராகத்தை விரித்துப் பாடி, தானம் பாடி, அதன்பின் ஒரேயொரு வரியை எடுத்துக்கொண்டு அதனைத் தாளச் சுழற்சியில் பொருத்திப் பாடுவது பல்லவி. தாளம் மாறாமல் சென்றுகொண்டிருக்க, அவ்வரி மட்டும் பாதி வேகத்திலும் இரட்டிப்பு வேகத்திலும் பாடப்பெறும். பிறகு நடை மாறும். ஓர் அடிக்கு நான்கு மாத்திரையாக இருந்தது மூன்றாகும், ஐந்தாகும், ஏழாகும். எங்கே சுற்றிச் சென்றாலும் வரி தொடங்கிய அதே இடத்தில், மயிரிழையும் பிசகாமல் வந்து நிற்க வேண்டும். கையில் தாளமும் வாயில் பாட்டும் உள்ளத்தில் கணக்குமாகப் பாடகர் நடத்தும் இவ்வேலையில் மிருதங்கக்காரர் துணைவரும் ஆவார், எதிரியும் ஆவார். ஒரு பல்லவி முடிய ஒரு மணி நேரம் கடந்துவிடும்.

இசைத்தட்டு விலக்கப்பட்டதற்குரிய காரணத்தின் ஒரு பகுதி இங்கே இருக்கக்கூடும் என்பது நம் கருத்து. அக்காலத்துப் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல் மட்டுமே பாட இயலும். அமெரிக்க ப்ளூஸ் பாடகர்க்கு இவ்வளவு ஒருவாறு போதுமானதாயிற்று. இரவு முழுதும் சாராயக் கடைகளில் பாடிப் பழகிய இராபர்ட் ஜான்சன் போன்றோர், ஒலிப்பதிவு அறையில் அதனை மூன்று நிமிடத்திற்குள் அடக்கிக்கொண்டனர். 1936-இலும் 1937-இலும் அவர் பாடிய 29 பாடல்களே உலகெங்கும் அவரை நிலைநிறுத்தின. ஆனால் நாயனாப் பிள்ளையின் கலை அடக்கிக்கொள்ளத்தக்கதன்று. அவரிடமிருந்து மூன்று நிமிடத்தை வெட்டியெடுத்திருந்தால், தேரின் ஒரு சக்கரத்தைக் காட்டித் தேர் என்றது போலவே ஆகியிருக்கும்.

இனி அவ்வூரின் இன்னொரு வீட்டுக்கு வருவோம். காஞ்சிக்கு அருகிலுள்ள தாமல் என்னும் சிற்றூரைச் சார்ந்த கிருஷ்ணசுவாமி தீட்சிதரின் வீடு அது. அவர் மனைவி காந்திமதி, இராஜம்மாள் என்றும் அழைக்கப்பட்டவர், நன்றாகப் பாட வல்லவர். ஆயினும் வைதிகக் குடும்ப ஒழுக்கத்தை முன்னிட்டு, உறவினர் நடுவிலும் பாடுவதற்கு அவருக்கு இசைவு இல்லை. ஒரே ஊரில் ஒரு வீட்டுப் பெண்கள் பாடியதற்காகப் புகழப்பட்டனர். அதற்காகவே இழித்தும் பேசப்பட்டனர். மற்றொரு வீட்டுப் பெண் பாடாதிருந்ததற்காக மதிக்கப்பட்டார். இவ்விரு நிலைகளுள் எது கொடிது என்று நம்மால் எளிதில் தீர்ப்புக் கூற இயலவில்லை.

அந்தக் காந்திமதி அம்மாளின் மகளாக 1919-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிறந்தவர் அலமேலு. ‘பட்டா’ என்று செல்லமாக அழைக்கப்பெற்று, பின்னர் டி.கே. பட்டம்மாள் என்று நாடறிந்தார். அவர் முறையான குருகுல வாழ்க்கை கண்டவரல்லர். அவர் ‘தெலுங்கு வாத்தியார்’ என்று மட்டுமே குறிப்பிட்ட ஓர் ஆசிரியர் தொடக்கத்தில் சிறிது கற்பித்தார். மற்றவை செவிவழியே வந்தன. ஊரில் நடந்த கச்சேரிகளுக்குத் தம் உடன்பிறந்தாருடன் சென்று கேட்பார். வீடு திரும்பியதும் பாடல்களையும் இராகச் சாயல்களையும் நினைவிலிருந்து எழுதி வைப்பார். உடன்பிறந்தார் அதற்குத் துணை நிற்பர். அவர் மிகுதியும் வியந்து கேட்டவர் நாயனாப் பிள்ளையே.

இதே காலப்பகுதியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மலைப்பகுதியில் நிகழ்ந்த ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. ‘கண்ட்ரி’ எனப்படும் அந்நாட்டு நாட்டுப்புற இசையின் மூத்த குடும்பம் கார்ட்டர் குடும்பம். 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் என்னும் ஊரில் அவர்கள் முதன்முதலாகத் தட்டுக்குப் பாடினர். அதன் பின்னர்ப் புதிய பாடல்கள் தேவைப்படவே, ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பாட்டுக் கேட்டுத் திரட்டினார். அவர் சொற்களை எழுதிக்கொள்வார். மெட்டை நெஞ்சில் ஏற்றி வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிதார் கலைஞர். தட்டுகள் கார்ட்டர் குடும்பத்தின் பெயரில் வெளிவந்தன. ரிடிலை இசையுலகம் தேடிக் கண்டது 1960-களில்தான்.

காஞ்சிபுரத்துச் சிறுமி எழுதிவைத்த பாட்டுக்கும் பின்னால் இவ்வாறு ஒரு கேள்வி நிற்கிறது. அதற்குமுன் அவர் மேடையேறிய கதையைச் சொல்லிவிடுவோம். பள்ளி நாடகம் ஒன்றில் அவர் பாடியது பலர் கவனத்தை ஈர்த்தது. சிறுமியாக இருக்கையிலேயே கொலம்பியா நிறுவனத்தின் தட்டில் பாடும் வாய்ப்பு வந்தது. ப்ளூஸ் அரசி எனப்பட்ட பெஸ்ஸி ஸ்மித்தின் தட்டுகள் 1923 முதல் அமெரிக்காவில் வெளிவந்ததும் கொலம்பியா என்ற பெயரிலேதான். மகள் மேடையேறிப் பாடினால் திருமணம் எவ்வாறு நடக்கும் என்ற கவலை தந்தைக்கு இருந்ததில் வியப்பில்லை. ஆயினும் அவர் இசைந்தார். 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபையில் பட்டம்மாளின் கச்சேரி நடைபெற்றது. 1939-இல் ஈசுவரன் அவரை மணந்தார். அவருடைய இசைப்பணிக்கு உறுதுணையாகவும் நின்றார். அதே ஆண்டில் ‘தியாகபூமி’ படத்திலும், 1947-இல் ‘நாம் இருவர்’ படத்திலும் அவர் குரல் ஒலித்தது. திரைப்படத்தில் பக்திப் பாட்டும் நாட்டுப்பற்றுப் பாட்டும் அன்றி வேறு பாடுவதில்லை என்ற கட்டுப்பாட்டை அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்.

தட்டும் திரைப்படமும் அவருக்குப் புகழ் தந்தன என்பது உண்மை. எனினும் வரலாற்றில் அவர் செய்த துணிவு வேறு. பல்லவி ஆண்களுக்கே உரியது என்ற எழுதப்படாத விதி அன்று மேடையில் நிலவியது. பெண்கள் கீர்த்தனை பாடலாம், பதம் பாடலாம். கணக்கு அவர்களுக்கு வராது என்பது வாதம். (தனகோடி அம்மாளைப் போன்றோரைக் கேட்டவர்களும் இவ்வாறு பேசினார்களா என்று நமக்கு ஐயம் எழுகிறது.) பட்டம்மாள் இராகம் தானம் பல்லவியை முழுமையாகப் பாடினார், கடினமான தாளங்களிலும் பாடினார். ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் வந்தது. பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்த பாலக்காடு மணி ஐயர், முதன்முதலாக மிருதங்கம் வாசித்தது பட்டம்மாளுக்கே. பின்னாளில் பட்டம்மாளின் மகன் சிவகுமார் மணி ஐயரின் மகளை மணந்தார். இன்றைய பாடகி நித்யஸ்ரீ மகாதேவன் அவர்களுடைய மகள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். தென்னிந்தியாவில் தட்டுப் பதிவு தொடங்கிய நாள்களில் துணிந்து பாடியவர்களுள் பெரும்பாலோர் தேவரடியார் குலப் பெண்கள். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் அவர்களுள் அடங்குவர். 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்திற்கு எதிராகத் தீர்மானம் கொணர்ந்தார். அவ்வழக்கம் 1947-இல் சட்டத்தால் ஒழிந்தது. சிறுமியரின் வாழ்வை முன்னிட்டு நோக்கின் அது செய்யத்தக்க செயலே. அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் அந்த வழக்கத்தின்மீது விழுந்த பழி, அக்குலத்தார் போற்றி வளர்த்த கலையின்மீதும், அக்கலையால் வாழ்ந்த பெண்களின்மீதும் சேர்ந்தே விழுந்தது. வைதிக வீட்டுப் பெண்ணுக்கு மேடையின் கதவு திறந்த அதே பத்தாண்டுகளில், தனகோடி அம்மாளின் குலத்துப் பெண்களுக்கு அது சிறிது சிறிதாக மூடிக்கொண்டது. இதற்குப் பட்டம்மாள் பொறுப்பாளி அல்லர். அவர் தம் தாய்க்கு மறுக்கப்பட்டதைப் பெற்றார், அவ்வளவே.

கதவு முற்றிலும் மூடவில்லை என்பதற்கும் காஞ்சிபுரமே சான்று. சென்னையில் வாழ்ந்த வீணை தனம்மாள், தம் பேத்தியர் பிருந்தாவையும் முக்தாவையும் நாயனாப் பிள்ளையிடம் இசை பயிலக் காஞ்சிக்கு அனுப்பினார். தனம்மாளின் வீட்டு இசையோ மென்மையானது, விரைவை விரும்பாதது; பிள்ளையின் இசை தாளக் கட்டுமானத்தில் எழுந்தது. இரண்டையும் அப்பெண்கள் ஒருங்கே கற்றனர். அவர்களுடைய உறவினரான பாலசரசுவதி 1925-இல், ஏழு வயதில், தம் முதல் நடன அரங்கேற்றத்தை நிகழ்த்தியதும் காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றில்தான். பின்னர் அவர் 1962-இல் அமெரிக்காவிலும் 1963-இல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். நாயனாப் பிள்ளையின் மற்றொரு மாணாக்கரான சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை, ஆசான் ஏறாத தட்டில் ஏறிப் புகழ் பெற்றார்.

சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பட்டம்மாளுக்கு 1970-இலும் பிருந்தாவுக்கு 1976-இலும், பட்டம்மாளிடம் பயின்ற தம்பி டி.கே. ஜெயராமனுக்கு 1990-இலும் வழங்கப்பட்டது. 1998-இல் பத்ம விபூஷண் பெற்ற பட்டம்மாள், 2009 சூலை 16-இல் மறைந்தார்.

மூன்று நிமிடத் தட்டு ஒழிந்து நீண்ட ஒலிநாடா வந்த பிறகு அவர் பாடிய பல்லவிகள் சில கிடைக்கின்றன. அவற்றைக் கேட்போர், அவர் வரியை மெதுவாக விரித்து, பின் நடையை மாற்றி, மிருதங்கத்துக்கு முன்பே தொடக்க இடத்தில் வந்து காத்திருப்பதைக் கவனிக்கலாம். அந்த இடத்தில் அவர் குரல் உயர்வதில்லை; அவசரமும் படுவதில்லை. தாமலிலிருந்து வந்த ஒரு சிறுமி, தியாகராசர் திருவிழாப் பந்தலில் ஆண்டுக்கணக்காக அமர்ந்து கேட்டுத் தேர்ந்த கணக்கு அது.