படகுத்துறையும் பள்ளிக்கூட மணியும்

இராயபுரம் என்னும் பெயரே ஒரு பங்கின் பெயர்தான். புனித பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் அழைத்தனர். இராயப்பர் கோவிலைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு இராயபுரம் ஆயிற்று என்பது வழிவழியாக நம் பெரியோர் சொல்லிவரும் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கோவிலை எழுப்பியவர்கள் குருகுல வம்சத்தாராகிய படகுத் தொழிலாளர். கோவிலின் வரலாற்றைப் பலரும் எழுதிவிட்டனர். கோவிலின் நிழலில் நடந்த கல்வியைப் பற்றி எழுதுவோர் குறைவு. எனவே இந்த ஜூபிலி மலரில் நம் பகுதிப் பள்ளி வாழ்வைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

பள்ளியைப் பற்றிச் சொல்ல வந்தவன் முதலில் படகைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னைப் பட்டினத்துக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டாத தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும், சாயபும், துரையும், துரைசானியும், பாதிரியாரும், கன்னியரும் மசூலாப் படகில்தான் கரை சேர வேண்டும். ஆணி ஒன்றுகூட இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. ஆணி அடித்த படகு இங்குள்ள அலையில் பிளந்துபோகும். தைத்த படகோ அலைக்கு நெளிந்து கொடுக்கும். பின்புறம் நின்று தண்டையல் திசை பிடிக்க, துடுப்புக்காரர்கள் பாட்டுச் சத்தத்தோடு வலிக்க, அலை மேல் ஏறி மணலில் வந்து விழும். அந்தக் கைகள் இல்லாமல் இப்பட்டினத்தில் வாணிபமே இல்லை.

பிறகு காலம் மாறியது. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடத் தொடங்கிற்று. 1861-இல் கடலுக்குள் இரும்புப் பாலத்துறை நீட்டப்பட்டது. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் இடப்பட்டது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அந்த வேலையைச் சிதைத்துப் போட்டது. படகுக்காரர்களுக்கு அது சற்றே கிடைத்த தவணை என்றுதான் சொல்ல வேண்டும். 1904-இல் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரை பொறுப்பேற்றுத் துறைமுகத்தைத் திருத்திக் கட்டியபின், கப்பல்கள் மேடையருகிலேயே வந்து நிற்கலாயின. தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பியிருந்த ஒரு சமூகத்தின் பிழைப்பு, ஏறக்குறைய ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள் கையை விட்டுப் போயிற்று.

துறைமுகத்தில் வேலை இல்லாமற் போகவில்லை. வேறு விதமான வேலை வந்தது. மூட்டையை எண்ணிச் சீட்டில் குறிக்கும் டாலி கிளார்க்குக்கு எண்ணும் எழுத்தும் தெரிய வேண்டும். இரயில்வேயில் சேர ஆங்கிலம் சிறிதாவது வேண்டும். தபால் பட்டுவாடாவுக்கு விலாசம் படிக்கத் தெரிய வேண்டும். துடுப்புப் பிடிக்க எழுத்து வேண்டியதில்லை. துடுப்பு போனபின் எழுத்தே சோறு போட்டது. கோவிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

சென்னையில் கத்தோலிக்கக் கல்வி இதற்கு மிக முந்தியது. 1642-இல் கோட்டைக்கு வந்த கப்புச்சின் சபைக் குரு எப்ரேம் சுவாமியார் தம் இல்லத்திலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பெண் கல்விக்காக 1842-இல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் கன்னியர் வந்து ஜார்ஜ் டவுனில் பள்ளி தொடங்கினர். அவர்கள் வந்த காலத்தில் துறைமுகம் ஏது? கப்பலிலிருந்து கரைக்கு வர மசூலாப் படகுதான் வழி. 1854-ஆம் ஆண்டு உட் அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடைக்கலாயிற்று. சலேசிய சபையார் 1906-இல் தஞ்சைக்கு வந்து, 1928-இல் சென்னை மறைமாநிலப் பொறுப்பை ஏற்றனர். மெதர்லே ஆண்டகையும், அவருக்குப் பின் லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகையும் அச்சபையினரே. வடசென்னையின் பாட்டாளி மக்களிடையே பள்ளிகளும் தொழிற்கூடங்களும் பெருகியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இனிப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவோம்.

சேர்க்கை நாளன்று பிள்ளையை நிறுத்தி, வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயது ஐந்து. தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வா. பிறந்த தேதி தெரியாத வீடுகள் அன்று மிகுதி. கத்தோலிக்கப் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. கோவில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி, தேதி, பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் எழுதிச் சுவாமியார் கையொப்பமிட்ட சீட்டு வந்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தலைமையாசிரியர் குறித்த நாளே பிறந்த நாள். ஓய்வு பெறும்வரை அந்த நாளே அரசுக் கணக்கில் நின்றது.

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும். ஜூன் 29 இராயப்பர் சின்னப்பர் திருநாள். ஆகவே நம் பகுதியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குப் புத்தக வாசனையும் திருநாள் வாசனையும் ஒரே மாதத்தில் வந்து சேரும். கொடியேற்றம், நவநாள், தோரணம் கட்ட வண்ணக் காகிதம் வெட்டுதல், தேர்ப் பவனியில் வரிசை பிசகாமல் நடத்தல். அட்டைப் போட்ட நோட்டுப் புத்தகம் மடிப்புக் கலைவதற்குள் அத்தனையும் நடந்தேறும். புதுப் பிள்ளை பள்ளிக்குப் பழகுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருந்திருக்க முடியாது.

நாளின் ஒழுங்கை மணிதான் நடத்தியது. பள்ளி மணியும் கோவில் மணியும் பிள்ளைகள் காதில் வெவ்வேறாக ஒலிக்கவில்லை. நண்பகல் மூவேளைச் செப மணி அடித்ததும் கணக்குப் போட்டுக் கொண்டிருந்த ஆசிரியர் சுண்ணக்கட்டியைக் கீழே வைப்பார். வகுப்பு முழுதும் எழுந்து நிற்கும். கத்தோலிக்கப் பிள்ளைகள் செபம் சொல்ல, மற்றவர்கள் மௌனமாக நிற்பார்கள். ஞானோபதேச வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. அரசு உதவி பெறும் பள்ளியில் இசைவின்றி எவரையும் சமயக் கல்வியில் பங்குபெறச் செய்யலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 28-ஆம் விதி. சட்டத்தின் எண்ணை யாரும் அறியாமலே வகுப்பில் அந்த வழக்கம் நிலவியது. நன்னெறி வகுப்பில் கதைகள் அதிகம் என்று எங்களில் சிலர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ள முயன்றதும் உண்டு!

மாதத்தின் முதல் வெள்ளி திரு இருதய நாள். அதற்கு முன்தினம் பிற்பகல் பாவசங்கீர்த்தன வரிசை. வரிசையில் நிற்பவன் கணக்கு வகுப்பைத் தப்பினான் என்பதால் அன்று பக்தி சற்று மிகுந்திருக்கும். நற்கருணை வீரர் சபை, மரியாயின் சேனை, இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கம் என்று ஒவ்வொரு வயதுக்கும் ஒரு சபை. அக்டோபரில் செபமாலை, அந்த மாதத்தில் வரும் மறைபரப்பு ஞாயிறுக்கு உண்டியல். தபசு காலத்தில் மிட்டாய்க் காசு உண்டியலுக்குப் போகும். போகாவிட்டால் வீட்டில் அக்கா சொல்லிக் கொடுத்துவிடுவாள்.

பூசைக்கு உதவும் சிறுவர்களின் கதை தனி. 1960-களின் நடுப்பகுதி வரை பூசை இலத்தீனில் நடந்தது. ஆங்கிலமே சரியாக வராத மூன்றாம் வகுப்புப் பையன் இலத்தீன் மறுமொழிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு நெட்டுருப் போட்டான். பொருள் தெரியாது, ஓர் எழுத்துக் குறைந்தால் சுவாமியாரின் பார்வை மட்டும் தெரியும். வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி தமிழுக்கு வந்தது. இராயப்பர் பேதுரு ஆனார். அருளப்பர் யோவான் ஆனார். பெரியவர்கள் சிறிது காலம் தடுமாறினார்கள். பிள்ளைகள் ஒரே வாரத்தில் மாறிக்கொண்டார்கள்.

ஆண்டு விழா நாடகம் நம் கடற்கரைப் பங்குகளின் பழஞ்செல்வம். எஸ்தாக்கியார், ஞானசௌந்தரி, மூவிராசாக்கள் ஆகிய கதைகள் ஊர் மேடையில் ஆடப்பட்டு வந்தவை. பள்ளி மேடையிலும் அவை சுருங்கிய வடிவில் ஏறின. கட்டியங்காரன் வேடத்துக்கு எப்போதும் போட்டி. இராசா வேடம் நல்ல மதிப்பெண்காரனுக்கு; கட்டியங்காரன் வேடம் கடைசி பெஞ்சுக்காரனுக்கு. கைதட்டல் யாருக்குக் கிடைத்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் இன்பமாக இருந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. பிரம்பு இருந்தது, தாராளமாகவே இருந்தது. அறிவு, சமயம், அன்பு இம்மூன்றைக் கொண்டே பிள்ளையைத் திருத்த வேண்டும் என்று தொன் போஸ்கோ கற்பித்திருக்க, ஜனவரி 31-இல் அவர் திருநாளைக் கொண்டாடிய பள்ளிகளிலேயே பிப்ரவரி முதல் நாள் பிரம்பு மீண்டும் வெளியே வந்ததுண்டு. இன்னொன்று அதைவிடக் கனமானது. ஐந்தாம் வகுப்பில் நிறைந்திருந்த பெஞ்சுகள் எட்டாம் வகுப்பில் பாதியாகும். மீன்பாடு நன்றாக இருக்கும் நாட்களில் பையன் அப்பாவோடு கடலுக்குப் போவான். வயதுக்கு வந்த பெண் வீட்டோடு நின்றுவிடுவாள். 1911-இல் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்ததிலிருந்து நெடுங்காலம், முதல் பாரத்தில் நுழைந்தவர்களில் ஆறாம் பாரம் வரை வந்தவர்கள் சிலரே. வந்தவர்களில் தேறியவர் வீட்டில் பாயசம், தெருவுக்கே சேதி.

பசியும் ஒரு காரணம். காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் பரவியதும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியதும் இந்தக் கரையின் பெஞ்சுகளை நிரப்பின. ஒரு பிரசங்கமும் செய்யாததை ஒரு தட்டுச் சோறு செய்தது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்து, உயர்நிலைப் பள்ளிகள் பல மேல்நிலைப் பள்ளிகளாயின. ஒரு தலைமுறைக்கு முன் எட்டாவதோடு நின்ற வீட்டில், அடுத்த தலைமுறை பிளஸ் டூ எழுதிற்று. அந்த மாறுதலை நம் பங்கின் ஒவ்வொரு தெருவிலும் விரல்விட்டு எண்ணலாம்.

இப்போது வேறொரு மாறுதல் நடக்கிறது. சென்னையில் அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி வகுப்புகள் சுருங்கி வருகின்றன. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரி ஆகிறது. பணியிடம் போனால் வகுப்பும் நாளடைவில் போகிறது. நம் பங்குக் குடும்பங்களும் பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளிகளுக்கு அனுப்புகின்றன. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படகு போனபோது எழுத்தைப் பிடித்துக்கொண்ட தாத்தாவும், இன்று ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளும் பேரனும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஆனால் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளை எங்கே போவது? மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமப்பவர் மகனும், வெளி மாநிலத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர் மகளும் ஏறக்கூடிய படி, உதவி பெறும் பள்ளியின் படிதான். ஆங்கில வழிப் பிரிவுக்குப் புதுக் கட்டடம் எழுப்ப நன்கொடை கேட்டால் தருகிறோம். தமிழ் வழிப் பிரிவின் கூரையைப் பழுது பார்க்கக் கேட்டால் யோசிக்கிறோம். இந்த ஆண்டு பங்குப் பேரவை இதைப் பேசியாக வேண்டும் என்பது என் கருத்து.

பேசுவதற்கு ஆதாரம் வேண்டாமா? ஆதாரம் பள்ளி அலமாரியிலேயே இருக்கும். சேர்க்கைப் பதிவேட்டில் ‘தகப்பனார் தொழில்’ என்றொரு பத்தி உண்டு. எத்தனை தகப்பன்மார் கடலில் இருந்தார்கள், எந்த ஆண்டில் அவர்கள் துறைமுகக் கூலியானார்கள், எப்போது குமாஸ்தா என்றும் பிட்டர் என்றும் எழுத்துகள் வரத் தொடங்கின, எந்த ஆண்டில் ‘ஆசிரியை’ என்று தாயாரின் தொழிலும் குறிக்கப்பட்டது என்பதையெல்லாம் அந்த ஒரு பத்தியிலிருந்தே எடுத்துவிடலாம். இப்பகுதியின் தொழில் வரலாற்றுக்கு அதைவிட நேர்மையான ஏடு கிடையாது. கடற்காற்றில் குண்டூசி துருப்பிடித்துத் தாளைத் தின்னும் ஊர் இது, காலம் தாழ்த்தலாகாது. இளைஞர் இயக்கத்தார் தலைமையாசிரியரின் அனுமதியோடு, பெயர்களை விட்டுவிட்டு, ஆண்டையும் தொழிலையும் மட்டும் ஒரு நோட்டில் படியெடுக்கத் தொடங்கலாம்.

வீட்டுப் பெட்டிகளிலும் தேடுங்கள். 1978-க்கு முந்திய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆண்டு விழா நிகழ்ச்சி நிரல், நாடகக் குழுவின் நிழற்படம், நற்கருணை வீரர் சபைப் பதக்கம் எது இருந்தாலும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு அலுவலகத்துக்குக் கொண்டுவரலாம். படமெடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம். மூலம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். நிழற்படமானால், நிற்பவர்களின் பெயரைப் பின்புறம் பென்சிலால் எழுதிக் கொண்டுவாருங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பாட்டி வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.