திசையும் தொலைவும்: காமாக் கதிர் வெடிப்பைச் சூரியக் கிளரொளியிலிருந்து பிரித்தறிந்த வரலாறு

விண்ணிலிருந்து சில நொடிகள் உயர் ஆற்றல் கதிர் பாய்ந்து நின்றுவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? கருவியில் பதிவான வலிமை இதற்குப் போதாது. அருகில் நடந்த சிறு நிகழ்வும் பெருந்தொலைவில் நடந்த பெருநிகழ்வும் கருவிக்கு ஒரே அளவாகத் தெரியக்கூடும். காமாக் கதிர் வெடிப்புகள் சூரியனுடையவை அல்ல என்பதை உறுதிசெய்தது, வெவ்வேறு இடங்களில் குறிக்கப்பட்ட நேரங்களின் ஒப்பீடு. இதே அளவை முறையின் முன்னோடி முயற்சிகளில் ஒன்று புதுச்சேரியில் நடந்தது என்பதும், அதை இந்த வரலாற்றின் தொடக்கத்தில் வைக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

புதுச்சேரிக்கு வானியலில் பழைய உறவு உண்டு. 1689 டிசம்பரில் இங்கிருந்து வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி ஓர் இரட்டை விண்மீன் என்று கண்டறிந்தார். அடுத்த நூற்றாண்டில், வெள்ளிக் கோள் சூரிய வட்டின் குறுக்கே கடப்பதைக் காண வானியலாளர் கியோம் லெ ழான்தி 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறினார். அந்தக் கடப்பின் நேரத்தைப் பூமியில் ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களில் குறித்தால், நேரங்களின் வேறுபாட்டைக் கொண்டு சூரியனின் தொலைவைக் கணிக்கலாம். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்ததால் அவர் கரை இறங்க முடியவில்லை. ஜூன் 6 அன்று நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்து குறித்த நேரம் கணக்குக்கு உதவவில்லை. அடுத்த கடப்புக்காகக் கீழ்த்திசையிலேயே தங்கி, பிரெஞ்சுக்காரர் வசம் திரும்பியிருந்த புதுச்சேரிக்கு 1768 மார்ச் 27 அன்று வந்தார். போரில் தகர்ந்த ஆளுநர் மாளிகையின் இடிபாடுகள் மேல் அவருக்கு ஆய்வகம் எழும்பியது. முந்தைய போரில் பகைநாட்டவராக இருந்தும் சென்னை ஆங்கிலேயர் தொலைநோக்கி ஒன்றைக் கொடுத்து உதவினர். 1769 ஜூன் 4 காலை, கடப்பு முடியும்வரை மேகம் விலகவில்லை.

அவர் உழைப்பு முழுவதும் வீணானது என்று சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தைத் தமிழர் ஒருவர் சோழிகளை வைத்து முக்கால் மணி நேரத்துக்குள் கணித்துக் காட்டியதையும், கிரகணம் நீடித்த நேரத்தில் 41 நொடியே பிழை இருந்ததையும் பதிந்து வைத்தவர் அவர். நம் வாக்கிய முறைக் கணிதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி அரிது. வெள்ளிக் கடப்புக்கு மற்ற இடங்களில் கிடைத்த நேரங்களைத் தொகுத்து, 1771-இல் பிரெஞ்சு வானியலாளர் லாலாந்த் சூரியனின் தொலைவு 15.3 கோடி கிலோமீட்டர் என்றார். இன்றைய அளவு 14.96 கோடி.

தொலைவு தெரிந்த பிறகே சூரிய நிகழ்வுகளின் ஆற்றலைக் கணக்கிட வழி பிறந்தது. 1859 செப்டம்பர் 1 அன்று ஆங்கில வானியலாளர் கேரிங்டன் கரும்புள்ளிக் கூட்டத்தின் மேல் வெண்ணொளி வெடித்ததை, அதாவது ஒரு சூரியக் கிளரொளியை, கண்டார். மறுநாள் மும்பை கொலாபாவின் காந்தமானி பெரும் சரிவைப் பதிந்தது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வகத்தின் படத்தொகுப்பு, இத்தகைய கரும்புள்ளிகளின் நூற்றாண்டு வரலாற்றைக் காத்துவருகிறது. முறுக்கேறிய காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது வெளிப்படும் ஆற்றலே கிளரொளி. அது நிமிடக்கணக்கில், சிலபோது மணிக்கணக்கில் நீடிக்கும். மிகப் பெரியது 10-இன் 25-ஆம் அடுக்கு ஜூல் அளவுக்குப் போகும்.

1967 ஜூலை 2 அன்று, அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் இனம் தெரியாத காமாக் கதிர்ப் பாய்ச்சலைப் பதிந்தன. அன்று கிளரொளியும் இல்லை, சூப்பர்நோவாவும் இல்லை. ஆனால் ஒரு நிகழ்வை வைத்துத் திசை சொல்ல முடியவில்லை. பின்னர் ஏவப்பட்ட வேலாக்களின் பாதை, எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் இரண்டுக்கு இடையே ஒளி செல்ல ஏறத்தாழ 0.8 நொடி ஆகும் அளவு அகன்றது. எந்தச் செயற்கைக்கோளில் கதிர் முதலில் பட்டது, எவ்வளவு தாமதித்து அடுத்ததில் பட்டது என்று ஒப்பிட்டனர் வேலா பதிவுகளை ஆராய்ந்த கிளெபசாடல், ஸ்டிராங், ஓல்சன். 1969 ஜூலை முதல் 1972 ஜூலை வரை பதிவான 16 வெடிப்புகளின் பிறப்பிடம் பூமியும் அல்ல, சூரியனும் அல்ல என்று 1973-இல் அறிவித்தனர். லெ ழான்தி புதுச்சேரியில் நாடியதும் இதே உத்திதான். இரண்டு முயற்சிகளுக்கும் இடையே இருநூறு ஆண்டுகள்.

வேலா ஆய்வாளர்களின் கூற்றை முதலில் உறுதிசெய்தவர்கள் நாசாவின் தாமஸ் கிளைனும் உபேந்திர தேசாயும். ஐ.எம்.பி.-6 செயற்கைக்கோளில் அவர்கள் பயன்படுத்திய கருவி சூரியக் கிளரொளிகளை ஆராயவே வைக்கப்பட்டது. கிளரொளியின் நிறமாலையை நன்கு அறிந்திருந்ததால்தான், வந்தது வேறு என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

திசை விளங்கியும் தொலைவு கால் நூற்றாண்டு விளங்கவில்லை. நம் பால்வெளியின் விளிம்பா, அதற்கும் அப்பாலா என்று 1995-இல்கூட விவாதம் நடந்தது. 1997-இல் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் வெடிப்பின் பின்னொளியைப் பிடித்தது. அவ்வாண்டு மே 8 வெடிப்பின் செம்பெயர்ச்சி 0.835 எனக் கண்டபோது, பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவு உறுதியானது. சூரியன் தன் ஆயுள் முழுவதும் உமிழும் ஆற்றலுக்கு நிகரானதைச் சில நொடிகளில் உமிழும் நிகழ்வுகள் இவை. இரண்டு நொடிக்கு மேல் நீடிப்பவை பெரும்பாலும் பெருநிறை விண்மீனின் உட்சரிவால் வருபவை. அதைவிடக் குறுகியவை பலவும் நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைவதால் வருபவை. கிளரொளி அதே சூரியனில் மறுபடி மறுபடி எழும். இங்கோ மூல விண்மீனே அழிந்துபோகிறது.

இந்தியாவும் இந்தத் தேடலில் இணைந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1994 மே 4 அன்று சென்ற ஸ்ராஸ்-சி2 செயற்கைக்கோள், காமாக் கதிர் வெடிப்புக் கருவியைச் சுமந்தது. 2015 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், அக்டோபர் 6 அன்று தன் முதல் வெடிப்பைக் கண்டு, இன்று 600-ஐத் தாண்டிவிட்டது. கிளரொளி உள்ளிட்ட சூரிய நிகழ்வுகளை ஆராய 2023-இல் ஆதித்யா-எல்1 புறப்பட்டது.

2022 அக்டோபர் 9 அன்று இந்திய நேரம் மாலை 6.47-க்கு, இதுவரை பதிவானவற்றில் மிகப் பிரகாசமான வெடிப்பு பூமியை அடைந்தது. அதன் திசையையும் நேரத்தையும் கொண்டு கணக்கிட்டால், மும்பைக்கு மேற்கே அரபிக்கடலில் அது நேர் உச்சியில் இருந்தது. புதுச்சேரியிலும் உச்சியிலிருந்து 12 பாகை அளவே விலகியிருந்தது. சூரியன் இங்கே மறைந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏறத்தாழ 200 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்த அக்கதிர், 15 கோடி கிலோமீட்டரில் எழும் கிளரொளியைப் போலவே பூமியின் அயனி மண்டலத்தைக் கலக்கியது. ரேடியோ அலைகளின் மாற்றத்தை மட்டும் பார்த்தவர் அதைச் சூரியன் மேல் ஏற்றியிருக்கக்கூடும். பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு செயற்கைக்கோள்களை நிறுத்தி முழு வானையும் ஒருங்கே கண்காணிக்க, மும்பை ஐ.ஐ.டி. தலைமையில் இந்திய ஆய்வாளர்கள் முன்வைத்துள்ள தக்ஷா திட்டம் இந்தக் காரணத்தாலும் விரைவில் விண்ணேற வேண்டும்.