டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஊருக்கு அழைத்தால் யாருக்கு லாபம்? யார்க்‌ஷயர் சொல்லும் கணக்கு

பெயரில்தான் பிரான்ஸ். ஆனால் டூர் டி பிரான்ஸ் 2014-ல் இங்கிலாந்தின் லீட்ஸிலும், 2023-ல் ஸ்பெயினின் பில்பாவோவிலும், 2024-ல் இத்தாலியின் ஃபுளோரன்ஸிலும் தொடங்கியது. 2027-ல் எடின்பரோவில் தொடங்கவிருக்கிறது. இந்த வாய்ப்புக்காக நகரங்கள் போட்டி போட்டுக்கொண்டு பணம் கட்டுகின்றன. ஏன்?

டிக்கெட் இல்லையே, காசு எங்கிருந்து வரும்?

கிரிக்கெட் மாதிரி இதற்கு ஸ்டேடியம் கிடையாது. சாலையோரம் நின்றால் போதும், இலவசமாகப் பார்க்கலாம். அதனால் டிக்கெட் வருமானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒளிபரப்பு, ஸ்பான்சர் வருமானம் போட்டியை நடத்தும் ஏஎஸ்ஓ நிறுவனத்துக்குப் போகும். நடத்தும் ஊருக்குக் கிடைப்பது இரண்டு: வந்தவர்கள் ஹோட்டலிலும் கடையிலும் செய்யும் செலவு, ஹெலிகாப்டர் கேமரா உலகத்துக்குக் காட்டும் காட்சிகள். சுருக்கமாகச் சொன்னால், இது பல மணி நேரம் ஓடும் சுற்றுலா விளம்பரம்.

ஊரின் செலவு என்ன?

ஏஎஸ்ஓ-வுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அதோடு முடியாது. சாலைப் பள்ளங்களை மூடணும், போக்குவரத்தைத் திருப்பிவிடணும், தடுப்புகள், போலீஸ், மருத்துவக் குழு, ஊடக மையம் எல்லாம் வேண்டும். மேடை, ஒளிபரப்பு வண்டிகள், கடைசி கிலோமீட்டர் தடுப்புகள் இருப்பதால் தொடக்க ஊரைவிட முடிவு ஊருக்கே செலவு அதிகம்.

யார்க்‌ஷயரில் என்ன நடந்தது?

2014 ஜூலை 5-ல் லீட்ஸில் தொடங்கிய முதல் கட்டம், சுமார் 190 கி.மீ. ஓடி ஹாரோகேட்டில் முடிந்தது. ஜெர்மனியின் மார்செல் கிட்டல் ஜெயித்தார். உள்ளூர் ரசிகர்கள் எதிர்பார்த்த மார்க் கேவண்டிஷ் கடைசி நேரத்தில் விழுந்து போட்டியிலிருந்தே வெளியேறினார். மறுநாள் யார்க்கிலிருந்து ஷெஃபீல்டு வரை நடந்த கட்டத்தை வின்சென்சோ நிபாலி வென்றார். அந்த ஆண்டின் சாம்பியனும் அவரே.

இங்கிலாந்தில் நடந்த மூன்று கட்டங்களுக்கும் சேர்த்து 48 லட்சம் வருகைகள் பதிவானதாகச் சொல்லப்பட்டது. இரண்டு நாள் வந்தவர் இதில் இரண்டு முறை எண்ணப்படுவார். யார்க்‌ஷயருக்கு மட்டும் 10.2 கோடி பவுண்டு பொருளாதாரப் பலன் என்றது போட்டிக்குப் பிந்தைய ஆய்வறிக்கை. அப்போதைய மதிப்பில் சுமார் 1,000 கோடி ரூபாய்.

அப்போ லாபம்தானா?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. உள்ளூர்க்காரர் வேறு எங்கோ செலவழித்திருக்கக்கூடிய காசை இங்கே செலவழித்தால் அது புது வருமானம் ஆகாது. சாலை மூடலால் அன்று வியாபாரம் படுத்துப்போகும் கடைகளும் உண்டு. முக்கியமாக, கட்டணம் கட்டுவது மக்களின் வரிப்பணம். காசு பார்ப்பது தனியார் ஹோட்டல்கள்.

அடுத்து, அந்தப் புகழ் எத்தனை நாள் நிற்கும்? யார்க்‌ஷயர் 2015 முதல் டூர் டி யார்க்‌ஷயர் என்ற சொந்தப் பந்தயத்தை நடத்தியது. 2019-க்குப் பிறகு அது நடக்கவில்லை. முதலில் கொரோனா, அப்புறம் செலவுச் சுமை. பந்தயத்தைக் கொண்டுவந்த 'வெல்கம் டு யார்க்‌ஷயர்' சுற்றுலா அமைப்பே 2022-ல் திவால் நிர்வாகத்துக்குப் போனது.

இந்தியாவுக்கு என்ன பாடம்?

2026 ஜனவரியில் புனே மாவட்டத்தில் சர்வதேச அங்கீகாரத்துடன் புனே கிராண்ட் டூர் நடந்தது. சுமார் 437 கி.மீ. பாதைக்காகச் சாலைகள் சீரமைக்கப்பட்டன. பந்தயம் ஐந்து நாளில் முடிந்துவிட்டது. அந்தச் சாலைகளை அடுத்த மழைக்காலங்களிலும் யார் பராமரிக்கிறார்கள், அதில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்குப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் உண்மையான லாபத்தைக் கணக்குப் போட முடியும்.