பிக்காசோ சந்து

மேடையில் தொங்கும் ஒரு துணியை ஜனங்கள் ஒழுங்காகப் பார்க்க வேண்டுமே என்பதற்காக ஒருவர் இசை எழுதினார். ஸ்பெயின் நாட்டு மானுவல் த ஃபாயா. 1919 ஜூலை 22 அன்று லண்டன் லெஸ்டர் சதுக்கத்து அல்ஹாம்ப்ரா தியேட்டரில் 'ல ட்ரிகோர்ன்' என்ற பாலே அரங்கேறியது. முக்கோணத் தொப்பி என்று பொருள். மாவு ஆலைக்காரன் பெண்டாட்டி மேல் கண் வைத்த ஊர்ப் பெரிய அதிகாரி அசடு வழிந்து நிற்கும் கதை. நடனம் மஸ்ஸீன், காட்சியும் உடையும் பிக்காசோ. முன்திரையையும் பிக்காசோவே வரைந்திருந்தார். வாத்தியம் தொடங்கியதும் திரை மேலேறிவிட்டால் அதை யார் பார்ப்பது? ஃபாயா ஆரம்பத்தில் ஒரு துண்டைச் சேர்த்தார். முரசு அதிர்கிறது, ட்ரம்பெட் ஊதுகிறது, 'ஓலே' என்று கூச்சல், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல். அது முடியும்வரை திரை அப்படியே தொங்கும். ஒன்றரை நிமிடம் போல வரும். ஊர் கூடி, பேச்சை நிறுத்தி, அந்தத் துணியை நேருக்கு நேர் பார்க்க ஒதுக்கப்பட்ட நேரம் ஒரு காட்சிக்கு அவ்வளவுதான்.

நம் ஊர் நாடகக் கொட்டகையில் இதைப் படுதா என்பார்கள். எனக்கும் அந்தச் சொல்தான் வசதி. 'ஓவியம்' என்றால் சட்டமும் கண்ணாடியும் நினைவுக்கு வருகின்றன. இது சட்டத்துக்குள் அடங்காத ஜாதி.

வரைந்த இடம் லண்டன் காவெண்ட் கார்டன் பக்கத்து ஒரு மாடி. ரஷ்யரான விளாதிமிர் பொலுனின் அங்கே மேடைக் காட்சிகள் வரைந்துகொண்டிருந்தார், மனைவி எலிசபெத்தும் கூட. இங்கிலாந்துக்காரர்கள் துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு வரைவார்கள். பொலுனின் துணியைத் தரையில் விரித்து, நீளக் காம்பு வைத்த தூரிகையால், அதன் மேலேயே நடந்து வரைகிறவர். வீட்டு வாசலில் பெரிய கோலம் போடுகிறவர்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து போடுவதை நினைத்துக்கொண்டால் போதும். அந்த வருடம் எடுத்த புகைப்படம் ஒன்றில் பிக்காசோ படுதாவின் மேலேயே, உதவியாளர்களோடு சாவதானமாக உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய் வண்ணம் அல்ல, நீரில் கலக்கும் வண்ணம். சுருட்டவும் விரிக்கவும் அதுதான் தோது. ஆனால் வயதானால் அப்பளம் மாதிரி ஆகிவிடும். இந்த விஷயம் தொண்ணூற்றைந்து வருடம் கழித்துக் கோர்ட் வரை போனது.

படத்தில் என்ன இருக்கிறது? காளைச் சண்டை முடிந்துவிட்டது. தூரத்தில், வளைவுக்கு அப்பால், செத்த காளையைக் குதிரைகள் இழுத்துப் போகின்றன. இந்தப் பக்கம் பார்வையாளர் மாடம். ஸ்பானிஷ் முக்காடு போட்ட பெண்கள் பேசிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஒரு பையன் மாதுளம்பழம் விற்கிறான். காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஆனால் ஒருவருக்கும் காளை மேல் கவனமில்லை. பிக்காசோ எதை நினைத்து அப்படி வரைந்தாரோ, அந்தத் துணிக்குப் பின்னால் அமையப்போகும் ஜாதகம் அதிலேயே எழுதியிருந்தது என்று எனக்குப் படுகிறது.

அரங்கேற்றத்தில் இல்லாத ஒருவரையும் சொல்ல வேண்டும். மஸ்ஸீனுக்கு ஃபிளமெங்கோ அடவுகளைக் கற்றுக்கொடுத்தவர் ஃபெலிக்ஸ் ஃபெர்னாண்டஸ் கார்சியா என்ற ஸ்பானிஷ் நடனக்காரர். ஆலைக்காரன் வேஷம் தனக்குத்தான் என்று நம்பி லண்டன் வந்தார் என்பார்கள். வேஷத்தை மஸ்ஸீன் எடுத்துக்கொண்டார். அரங்கேற்றத்துக்குச் சில வாரங்கள் முன்பு, ஃபெலிக்ஸ் ஒரு தேவாலயத்துக்குள் ஆடிக்கொண்டிருந்த நிலையில் பிடிக்கப்பட்டார். மனநல விடுதியில் சேர்த்தார்கள். 1941-ல் சாகும்வரை வெளியே வரவில்லை. கைதட்டல் கணக்கில் இந்தப் பெயர் வருவதில்லை.

பாலேயை அரங்கேற்றிய குழுவை நடத்திய செர்கே தியாகிலெவுக்குக் கலை நிறைய உண்டு, காசு எப்போதும் இல்லை. 1928-ல் அடுத்த நாடகச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. படுதாவின் நடுவில் பிக்காசோ வரைந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து விற்றார். ஓரங்கள் போயின. மிச்சம் சுமார் 20 அடிக்கு 19 அடி. மறு வருடமே தியாகிலெவ் வெனிஸில் இறந்துபோனார். துணி ஐரோப்பாவில் சேகரிப்பாளர் கையில் அடுத்த முப்பது வருடத்தைக் கழித்தது. படுதாவாக மறுபடி ஒருநாளும் ஏறி இறங்கவில்லை.

இனி விஸ்கி: படுதாவின் அடுத்த வீடு அங்கிருந்துதான் வந்தது. கனடாவின் சாமுவேல் ப்ரான்ஃப்மன் குடும்பத்தின் பெயருக்கே யித்திஷ் மொழியில் சாராயக்காரர் என்றுதான் அர்த்தம். பெயருக்கேற்ற தொழில். அவருடைய சீக்ராம் கம்பெனியின் பெயரை இன்றும் இந்தியாவில் ராயல் ஸ்டாக் பாட்டிலில் படிக்கலாம். 1954-ல் அவர் நியூயார்க் பார்க் அவென்யூவில் தலைமை அலுவலகம் கட்டத் திட்டமிட்டார். கட்டிட வரைபடத்தைப் பார்த்த மகள் ஃபிலிஸ் லாம்பர்ட் பாரிஸிலிருந்து எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். தொடக்கமே 'வேண்டாம்' என்று ஐந்து முறை. அப்பா மசிந்தார். கட்டிடக் கலைஞரைத் தேடும் வேலையையே மகளிடம் கொடுத்தார். மகள் மீஸ் வான் டெர் ரோவைப் பிடித்தார். வெண்கலமும் கண்ணாடியுமாக 38 மாடி எழுந்தது. கீழ்த்தளத்தில் ஃபிலிப் ஜான்சன் வடிவமைத்த உணவகம், 1959-ல் திறந்தது: ஃபோர் சீசன்ஸ். அதே பெயரில் இருக்கும் ஓட்டல்காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்வேலைப்பாட்டுக்கு மட்டும் 45 லட்சம் டாலர் ஆயிற்று என்று அன்று ஊரே பேசியது. பிக்காசோ படுதாவை 1957-லேயே, 50,000 டாலருக்கு, ஃபிலிஸ் வாங்கி வைத்திருந்தார்.

பெயருக்கு ஏற்றபடி பருவம் மாறினால் அங்கே எல்லாம் மாறும். மெனு, பணியாளர் சீருடை, குளத்தைச் சுற்றி நிற்கும் மரங்கள் வரை. குளம் என்றால் வெள்ளைப் பளிங்குக் குளம், சாப்பாட்டு அறையின் நட்டநடுவில். இன்னோர் அறையில் சதுர பார். அதன் தலைக்கு மேல் ரிச்சர்ட் லிப்போல்ட் செய்த சிற்பம்: கண்ணுக்குத் தெரியாத கம்பிகளில் ஆயிரக்கணக்கான பித்தளைக் குச்சிகள் தொங்கும். மார்ட்டினி ஊற்றுகிறவர் தலைக்கு மேல் மழை பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். ஜன்னல்களுக்குத் துணி கிடையாது, மணிமணியான உலோகச் சங்கிலிச் சரங்கள். ஏ.சி. காற்று கீழிருந்து வரும்போது அவை அலையலையாக மேலேறும். யாரும் அப்படித் திட்டமிடவில்லை. திறந்த பிறகுதான் தெரிந்தது. சமையலறைக்குக் காட்டுக் காளான் பறித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் இசைக்கலைஞர் ஜான் கேஜ். நாலு நிமிடம் முப்பத்துமூன்று விநாடி ஒரு ஸ்வரமும் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும்படி எழுதிப் பெயர் வாங்கினாரே, அவரேதான். கலையைத் தட்டிலும் கிளாஸிலும் சுவரிலும் ஒரே சமயத்தில் பரிமாற முடியும் என்று நம்பிய காலம் அது.

படுதாவுக்குக் கிடைத்த இடம் பார் இருந்த கிரில் அறைக்கும் குளத்து அறைக்கும் நடுவில் உள்ள வழி. நியூயார்க்காரர்கள் 'பிக்காசோ சந்து' என்று பெயர் வைத்தார்கள். உட்கார்ந்து பார்க்க இடமில்லை, நடக்கத்தான் முடியும். ஒரு கையில் கிளாஸ், மறு கையில் யாரோ ஒருவரின் தோள், கண் எதிரில் வருகிற பிரமுகர் மேல். 1979-ல் 'எஸ்க்வயர்' பத்திரிகை இந்த உணவகத்து மதியச் சாப்பாட்டை அமெரிக்காவிலேயே அதிகாரம் மிகுந்த சாப்பாடு என்று எழுதியது. யார் எந்த மேஜையில் என்பதில்தான் அங்கே வருகிறவர்களுக்கு அக்கறை. ஆனால் ஒன்று: சுவர்கள் கண்ணாடி ஆனதால் கட்டிட லாபியிலிருந்தே படுதா தெரியும். அங்கே ஒரு காக்டெய்ல் வாங்க வக்கில்லாதவனும் நின்று பார்க்கலாம். அவன்தான் ஒருவேளை சரியாகப் பார்த்திருப்பான்.

இதே உணவகத்துக்கு இன்னோர் ஓவியரும் ஒப்பந்தமானார். மார்க் ராத்கோ. 1958-ல், 35,000 டாலர். மாதக்கணக்கில் உழைத்து கருஞ்சிவப்பில் முப்பது படங்கள் போல வரைந்தார். சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாடு இறங்கக் கூடாது, அதுதான் நோக்கம் என்று ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னவர். உணவகம் திறந்தபின் ஒரு மாலை மனைவியோடு போய்ச் சாப்பிட்டார். இந்த விலைக்கு இந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவன் என் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான் என்று வீட்டுக்கு வந்து பணத்தைத் திருப்பிவிட்டார். பிற்பாடு ஒன்பது படங்களை லண்டன் டேட் கேலரிக்குக் கொடுத்தார். அவை லண்டன் வந்து சேர்ந்த 1970 பிப்ரவரி 25 அன்று நியூயார்க்கில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டார்.

ராத்கோ சொன்னது உண்மை. சாப்பிடுகிறவர்கள் பார்க்கத்தான் மாட்டார்கள். ஆனால் மௌனமும் தனிமையும் கேட்கிற படங்கள் அவருடையவை, உணவகம் அவற்றைக் கொன்றிருக்கும். படுதா அப்படி இல்லை. சலசலப்புக்கு நடுவில், தாமதமாக வருகிறவன் காலை மிதித்துக்கொண்டு உட்காருகையில், ஓரக்கண்ணில் படுவதற்கென்றே பிறந்தது. 55 வருடம் அந்தச் சந்தில் அது பிழைத்ததற்கு அதுதான் காரணம் என்பேன்.

அதற்குள் சொந்தக்காரர்கள் மாறினார்கள். சீக்ராம் கட்டிடத்தை விற்றது, பிறகு 2000-ல் தானே பிரான்ஸின் விவெண்டி கம்பெனியில் கரைந்தது. உணவகத்தின் உள் அலங்காரத்தை 1989-ல் நியூயார்க் நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருந்தது. படுதா மட்டும் அதில் சேரவில்லை, அது கழற்றக்கூடிய தனிப் பொருள் என்பதால். 2005-ல் விவெண்டி அதை நியூயார்க் லேண்ட்மார்க்ஸ் கன்சர்வன்சி என்ற பாதுகாப்பு அமைப்புக்குத் தானமாகக் கொடுத்தது. ஆக, சுவர் ஒருவருடையது, சுவரில் தொங்குவது இன்னொருவருடையது. வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டிடத்தின் உரிமையாளர் ஏபி ரோசன், பெரிய கலைச் சேகரிப்பாளர். 2013 கடைசியில், படுதாவுக்குப் பின்னால் சுவர் நீராவிக் கசிவால் கெட்டிருக்கிறது, பழுது பார்க்க வேண்டும், எடுங்கள் என்றார். சுவருக்கு ஒன்றுமில்லை என்றார்கள் கன்சர்வன்சி தரப்புப் பொறியாளர்கள். ரோசன் படுதாவை 'ஷ்மாட்டே' என்று சொன்னதாகவும் அந்தத் தரப்பு சொன்னது. கந்தல் என்று அர்த்தம், அதுவும் யித்திஷ்தான். சாராயக்காரர் குடும்பம் வாங்கி மாட்டியதைக் கழற்றவும் அந்த மொழியிலேயே ஒரு சொல் கிடைத்தது. 2008-ல் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் படுதாவை 16 லட்சம் டாலருக்கு மதிப்பிட்டிருந்தது. பிக்காசோ கணக்கில் சில்லறைதான். யார் வீட்டில் மாட்டுவது?

சண்டையின் மையம் அந்த அப்பளம்தான். எடுத்தால் உருளைக்கிழங்கு சிப்ஸ் மாதிரி நொறுங்கும் என்று எச்சரித்தார்கள். கோர்ட் தடை கொடுத்தது. 2014 ஜூனில் சமாதானம் ஆனது: படுதா இடம் மாறும். செப்டம்பர் முதல் வாரக் கடைசியில், உணவகம் பூட்டிய பிறகு, ஆட்கள் சாரம் கட்டினார்கள். அதைச் சுவரிலிருந்து விடுவித்து, பெரிய உருளை ஒன்றில் அங்குலம் அங்குலமாகச் சுற்றினார்கள். இரவு முழுக்க நடந்தது. 1919-ல் லண்டனில் சுருட்டிய அதே துணி, சுருளவே முடியாது என்று எல்லோரும் பயந்த வயதில், மறுபடி சுருண்டது. நொறுங்கவில்லை.

மத்தியப் பூங்காவின் மேற்குப் பக்கம், அன்று நியூயார்க் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி என்ற பெயரில் இருந்த அருங்காட்சியகம் அதை ஏற்றுக்கொண்டது. சுத்தம் செய்து 2015-ல் மாட்டினார்கள். அங்கே நேராக நின்று, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். நல்லதுதான். கையில் கிளாஸோடு உள்ளே விட மாட்டார்கள்.

உணவகம் அதற்குப் பிறகு இரண்டு வருடம்கூட ஓடவில்லை. குத்தகை நீட்டிக்கப்படாமல் 2016 ஜூலையில் அந்தக் கட்டிடத்தில் மூடினார்கள். பத்து நாளில், அதே குளத்து அறையில் வைத்தே சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்காலி, கரண்டி, பாத்திரம், பெயர்ப்பலகை, மொத்தம் 41 லட்சம் டாலர். நான்கு ஆஷ்ட்ரேக்கள் 12,500 டாலருக்குப் போயின. உணவகத்தில் சிகரெட் பிடிக்க முழுத் தடை வந்து பதிமூன்று வருடம் ஆன ஊர் அது. அந்த 12,500, படுதாவை 1957-ல் வாங்கிய விலையில் சரியாகக் கால் பங்கு.