நொண்டும் குதிரையும் நோக்கும் கண்ணும்

அரபியில் மிருக வைத்தியரைக் குறிக்கும் 'பைதார்' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் குதிரை வைத்தியர் என்பதே. 9ஆம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சியில் இப்னு அகீ ஹிஸாமும், 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் மம்லூக் சுல்தான் அந்-நாஸிர் முஹம்மதின் குதிரை வைத்தியரான இப்னுல் முன்திரும் இக்கலை பற்றி நூல்கள் எழுதினர். பின்னவரின் நூல் சுல்தானின் பெயராலேயே 'அந்-நாஸிரி' என்று வழங்கிற்று. குதிரைப் படையை நம்பியிருந்த அரசுக்கு நொண்டும் குதிரை அற்ப விடயமல்ல. ஆயினும் நொண்டலை அளக்கக் கண்ணும் காதும் விரலுமே இருந்தன.

கண்ணோ எளிதில் ஏமாறும். நோவுள்ள முன்னங்கால் நிலத்தில் படும்போது குதிரை தலையை உயர்த்தும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். தலை தாழ்வதைக் கண்ட புதியவர் நல்ல காலையே குற்றவாளியாக்கிவிடுவார்.

18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் கால்களில் வெவ்வேறு ஓசையுடைய மணிகளைக் கட்டி நடையைக் காதால் படிக்க முயன்றனர். 1873இல் வெளிவந்த தம் நூலில் எத்தியேன் மாரே விவரித்த முறை இன்னும் நுட்பமானது. குளம்பின் கீழே இறப்பர்ப் பந்து; அது அழுந்தும்போது குழாய்வழி செல்லும் காற்று, சவாரி செய்பவரின் கையிலுள்ள கருவியில் கோடு வரையும். 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் 12 கமராக்களை வரிசையாக வைத்து ஓட்டத்தைப் படம்பிடித்தார்.

அமெரிக்கக் குதிரை வைத்தியர்கள் நொண்டலுக்கு 0 முதல் 5 வரை படிகள் வகுத்தனர். அப்படிகளைக் கொண்டு 131 குதிரைகளை அனுபவமிக்க வைத்தியர்கள் பார்த்த ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. சராசரிப் படி ஒன்றரைக்கு மேற்பட்டபோது, கால் நொண்டுகிறதா என்பதில் 93 வீதம் உடன்பாடு. அதற்குக் கீழே 62 வீதந்தான்! (உழ்ஹிய்யாப் பிராணிகள் விடயத்திலும் 'வெளிப்படையான' நொண்டலே தடையென்பது நினைவுக்கு வருகிறது.)

இன்று தலையிலும் இடுப்பிலும் ஒட்டும் உணரிகள் அசைவின் வேறுபாட்டை மில்லிமீற்றரில் தருகின்றன. வழக்குத் தீர்ந்ததா? உரிமையாளர் குறையில்லை என்று நம்பிய 222 சவாரிக் குதிரைகளை அளந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் 161 குதிரைகள் வரம்பைத் தாண்டின. அத்தனையும் நோவால் வந்ததா, சில பிறவி நடையா என்பதைக் கருவி சொல்லாது. ஆகவே வைத்தியர் சந்தேகமுள்ள காலில் மரப்பூசி ஏற்றி, சற்றுப் பொறுத்து, குதிரையை மீண்டும் ஓடவிட்டுத் தலையைப் பார்க்கிறார்.