வலி காலில், கோளாறு முதுகில்

போன வருஷம் எனக்கு இடது காலில் சுரீர்னு வலி. டாக்டரோ முதுகை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குழம்பிட்டேன்.

இந்தப் புரிதல் லேசில் வரல. ஒருகாலத்தில் இடுப்பு மூட்டு வலி, நரம்பு வலி ரெண்டுக்கும் சயாட்டிகான்னு ஒரே பேர்தான். 1764-ல் நேப்பிள்ஸ் மருத்துவர் டொமினிகோ கோட்டுன்யோ ரெண்டையும் பிரித்து எழுதினார்.

கீழ்முதுகின் ஐந்து நரம்பு வேர்கள் ஒண்ணு சேர்ந்து, இடுப்பெலும்பின் இடைவெளி வழியா, பிரிஃபார்மிஸ் தசைக்கு அடியில் வெளியேறி, தொடைக்குப் பின்னால் இறங்குது. அதுதான் சயாட்டிக் நரம்பு.

வேரை எது அழுத்துது? பாஸ்டனின் மிக்ஸ்டர், பார் இருவரும் 1934-ல் எழுதினார்கள்: அதுவரை கட்டின்னு வெட்டி எடுத்த பலதும் உண்மையில் பிதுங்கிய டிஸ்க்!

எரர் காட்டுற லைன்லயேவா எப்பவும் பக் இருக்கு?